பழைய சர்வரைத் தேற்றிய கதை

வீட்டு டிவியில் வீடியோ நின்று நின்று ஓடினால் எல்லோரும் முதலில் திட்டுவது இன்டர்நெட்டைத்தான். ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓடும் வீடியோவுக்கு இன்டர்நெட்டே வேண்டாம். பெட்டியிலிருந்து ரௌட்டர், ரௌட்டரிலிருந்து டிவி, அவ்வளவுதான் பாதை. அந்த வீடியோவும் பாதியில் நின்று வட்டம் சுற்றுகிறதென்றால் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் குறைந்த செலவிலேயே சரிசெய்துவிடலாம்.

நான் கல்யாண வீடியோ எடுத்தவன். திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். விஎச்எஸ் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். பிறகு சின்ன டிஜிட்டல் கேசட், அதன் பிறகு மெமரி கார்டு, டிஎஸ்எல்ஆர் என்று எல்லாம் கைக்கு வந்து போயின. ஊராருக்கு எடுத்ததைப் போலவே சொந்தக் குடும்பத்து விசேஷங்களையும் எடுத்து வைத்தேன். காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் எல்லாம் இருக்கின்றன. அப்பத்தா நடந்து வருவதும், அப்பா பந்தியில் நின்று இலைக்கு இலை குனிந்து விசாரிப்பதும் இன்று அந்தப் படங்களில் மட்டும்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் பார்க்க விரும்புவது சீரியல் அல்ல, இந்த வீடியோக்களைத்தான். அவை தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

இவை எல்லாமே ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஹெச்பி நிறுவனம் 2013-இல் வெளியிட்ட புரோலையன்ட் மைக்ரோசர்வர் ஜென்8. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு அடிக்குக் குறைவு. முன்கதவைத் திறந்தால் நான்கு ஹார்ட் டிஸ்க் செருகும் அறைகள், பின்னால் ஒரே ஒரு மின்விசிறி, 150 வாட் பவர் சப்ளை. உள்ளே இன்டெல் செலரான் ஜி1610டி பிராசசர்: இரண்டு கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ். சின்ன அலுவலகங்களை மனத்தில் வைத்துச் செய்த பெட்டி இது. அலுவலகங்கள் கழித்துக் கட்டியபோது இப்படிப் பல பெட்டிகள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. என்னுடையதும் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்ததுதான். சத்தம் குறைவு, உறுதியான உடம்பு, இரவு பகல் ஓடும். ஃபைல்களை வைத்துக் காப்பாற்றும் வேலைக்கு இன்றும் இதில் ஒரு குறையும் இல்லை.

குறை தெரிந்தது, அக்கா மகள் கல்யாணத்துக்குப் பிறகு. சொந்தக்காரப் பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் எடுத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தேன். ஹாலில் இருக்கும் புது டிவியில் அவை அருமையாக ஓடின. அம்மா அறையில் இருக்கும் பழைய டிவியில் போட்டால் ஒரு சில நொடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மாலை மாற்றும் இடம் முழுக்க அப்படியே போனது. ஒரே பெட்டி, ஒரே ஃபைல். டிவி மாறினால் ஏன் இந்த வித்தியாசம்?

இதைப் புரிந்துகொள்ள, வீடியோ ஃபைல் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கேமரா பார்ப்பதை அப்படியே சேமித்தால் எந்த டிஸ்க்கும் போதாது. அதனால் சுருக்கி வைக்கிறார்கள். சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். 2003-இல் வந்த எச்.264 இன்று அநேகமாக எல்லாக் கருவிக்கும் தெரியும். 2013-இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கும். ஆனால் அதை விரிக்கக் கணக்கு அதிகம் போட வேண்டும். 2017 முதல் ஐபோன்கள் எச்.265 முறையில்தான் வழக்கமாகப் பதிவு செய்கின்றன. 2018-இல் வந்தது ஏவி1. ஒவ்வொரு டிவிக்கும் எந்த முறையெல்லாம் படிக்கத் தெரியும் என்பது அது தயாரான வருடத்தோடு முடிந்துபோன விஷயம். அதற்குப் பின் வந்த முறையை அந்த டிவிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.

டிவிக்குத் தெரியாத முறையில் ஃபைல் இருந்தால் சர்வர்தான் மொழிபெயர்க்க வேண்டும். எச்.265-ஐ விரித்து, படம் படமாக எடுத்து, அளவு குறைத்து, எச்.264 ஆகச் சுருக்கி அனுப்ப வேண்டும். இதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். ஸ்டுடியோக்காரர்களுக்கு இது புதிதே அல்ல. நாங்கள் ரெண்டரிங் என்று சொன்ன அதே வேலை. ஒரு மணி நேர மிக்ஸிங்கை ரெண்டர் போட்டுவிட்டு இரவு முழுக்கக் காத்திருந்த காலம் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே காத்திருக்க நேரமில்லை. ஒரு நொடிப் படத்தை ஒரு நொடிக்குள் ரெண்டர் செய்தாக வேண்டும். ஒன்றேகால் நொடி எடுத்துக்கொண்டால் டிவியில் கையிருப்பு தீர்ந்து படம் நிற்கும்.

எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்குப் பிளெக்ஸ் என்ற வீட்டுச் சர்வர் மென்பொருளைச் செய்தவர்கள் ஒரு கைக்கணக்கு தந்திருக்கிறார்கள். பாஸ்மார்க் என்ற பிராசசர் மதிப்பெண்ணை வைத்துச் சொல்வது: 1080பி எச்.264 வீடியோ ஒன்றை மாற்ற ஏறக்குறைய 2,000 மதிப்பெண், 4கே எச்டிஆர் வீடியோ ஒன்றை மாற்ற 17,000. செலரான் ஜி1610டிக்கு 1080பி ஒன்றே மூச்சு வாங்கும் வேலை. கல்யாணத்தில் எடுத்தது 4கே, எச்.265, அதிலும் 10 பிட். அம்மா அறையில் நின்று நின்று ஓடியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சாமான் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால், நோய் எது என்று பார்த்துவிட வேண்டும். நான் வைத்திருப்பது ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே இதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், யார் எதைப் பார்க்கிறார்கள், ஃபைல் நேராகப் போகிறதா, மாற்றப்பட்டுப் போகிறதா, மாற்றப்பட்டால் என்ன காரணம் என்பதெல்லாம் எழுதியிருக்கும். டிவிக்கு வீடியோ முறை தெரியவில்லை, ஒலி முறை தெரியவில்லை, சப்டைட்டில் ஒத்துவரவில்லை என்று காரணம் தனித்தனியாகத் தெரியும். பிளெக்ஸிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. நேராகப் போகும்போதும் படம் நிற்கிறதென்றால் பிராசசரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிஸ்க்கையோ, கேபிளையோ, வைஃபையையோ பார்க்க வேண்டும். மாற்றும்போது மட்டும் நிற்கிறதென்றால்தான் பெட்டியின் பலம் பற்றிய பேச்சு.

கேபிள் கணக்கு சுலபமானது. ஐபோனில் 4கே, நொடிக்கு 30 படம் என்று எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 மெகாபைட் என்று அந்தப் போனின் அமைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கும். எட்டால் பெருக்கி அறுபதால் வகுத்தால் நொடிக்கு 23 மெகாபிட். 60 படம் என்று எடுத்தால் நிமிடத்துக்கு 400 மெகாபைட், அதாவது நொடிக்கு 53 மெகாபிட். மைக்ரோசர்வரில் இருப்பவை கிகாபிட் போர்ட்டுகள், 1,000 மெகாபிட் போகும். பெரும்பாலான டிவிகளின் கேபிள் போர்ட் 100 மெகாபிட்தான் தாங்கும். அதுவும் இந்த வேலைக்குத் தாராளம். கேபிள் இழுத்தால் தீர்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கதை வேறு. அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கும்; நடுவில் இரண்டு செங்கல் சுவர் வந்தால் கிடைக்கும் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எங்கள் வீட்டில் அம்மா அறைக்குச் சுவரோரமாக ஒரு கேட்6 கேபிள் இழுத்தோம். மொத்த வேலையிலும் விலை குறைந்தது அதுதான், பலன் உடனே தெரிந்ததும் அதுதான். இதைப் படிப்பவர்கள் ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

காசே இல்லாமல் ஆகும் சில திருத்தங்களும் உண்டு. டிவியின் பிரௌசரில் பார்ப்பதைவிட ஜெல்லிஃபினின் செயலியை டிவியில் நிறுவிப் பார்த்தால் பல ஃபைல்கள் நேராகவே ஓடும். பிரௌசர் படிக்கும் முறைகள் குறைவு. செயலியின் தரத்தேர்வு ‘தானாக’ என்றோ, குறைந்த வேகத்திலோ நின்றுவிட்டால், தேவையே இல்லாமல் சர்வர் மாற்ற ஆரம்பித்துவிடும். வீட்டுக்குள் பார்க்கும்போது அதை உச்சத்தில் வைக்க வேண்டும். சப்டைட்டில் இன்னொரு திருடன். எங்கள் மருமகனுக்குத் தமிழ் தெரியாது. அவருக்காக டிஸ்க்கில் வந்த படங்களை ஆங்கில எழுத்தோடு போடுவோம். டிவிடியிலும் புளூரேயிலும் அந்த எழுத்துகள் எழுத்தாக இருப்பதில்லை, சின்னச் சின்னப் படங்களாக இருக்கின்றன. டிவி அதை ஏற்காவிட்டால் சர்வர் ஒவ்வொரு படத்தின் மேலும் அதை ஒட்டி அனுப்ப வேண்டும். சப்டைட்டிலை நிறுத்தினால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும், போட்டால் திக்கும். அதே எழுத்துகள் எஸ்ஆர்டி என்ற சாதா எழுத்து ஃபைலாக இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் மட்டும் பத்து நொடி தாமதமானால் தூங்கப்போன டிஸ்க் எழுந்து சுற்றுகிறது என்று பொருள். தூங்கும் நேரத்தைத் தள்ளி வைத்தால் போதும்.

இனி, என் மனத்துக்கு நெருக்கமான சங்கதிக்கு வருகிறேன். பழைய கேசட்டுகள்.

மினி டி.வி. (இங்கே ‘டி.வி.’ என்பது டிஜிட்டல் வீடியோ) என்று தொழிலில் சொல்வோமே, அந்தச் சின்ன டிஜிட்டல் கேசட்டிலிருந்து ஃபயர்வயர் வழியாக ஏற்றிய ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும். படம் 720-க்கு 576 புள்ளிதான். இந்தக் கோடெக்கை டிவிகள் படிப்பதில்லை. ஆக, எத்தனை புது டிவி வாங்கினாலும் சர்வர் மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அளவு சின்னதாக இருப்பதால் செலரான் இதைச் சமாளித்துவிடும். ஆனால் பார்க்க நன்றாக இராது.

காரணம், அந்தக் காலத்துக் கேமரா படத்தைப் பதிவு செய்த விதம். நம் ஊர் பால் முறையில் நொடிக்கு 25 படம் என்று சொல்வோம். உண்மையில் கேமரா நொடிக்கு 50 தடவை பார்க்கிறது. ஒரு தடவை ஒற்றைப்படை வரிகளை மட்டும் எடுக்கும், அடுத்த தடவை இரட்டைப்படை வரிகளை எடுக்கும். பழைய குழாய் டிவி அதே வரிசையில் வரைந்ததால் அசைவு இயல்பாகத் தெரிந்தது. இன்றைய டிவி எல்லா வரியையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. இரண்டு பாதிகளையும் அப்படியே சேர்த்துக் காட்டினால், இடைப்பட்ட நேரத்தில் நகர்ந்த பொருளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போல நீட்டிக்கொண்டு நிற்கும். தாலி கட்டும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டிமேளம் கொட்டுகிறது, நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது, தவில்காரர் கை தெரியாத வேகத்தில் போகிறது. அந்த வீடியோவிலேயே அதிக அசைவு உள்ள இடம் அதுதான், படம் சிதைவதும் அங்கேதான். பல மென்பொருள்கள் இந்தப் பல்லை நீக்க ஒரு பாதியை வீசிவிடுகின்றன. பல் போய்விடும், கூடவே நொடிக்கு 50 அசைவு 25 ஆகிவிடும். அட்சதை பறப்பதற்குப் பதில் தத்தித் தத்திப் போகும். கேமராவைத் தோளில் சுமந்து அந்த 50-ஐயும் பதிவு செய்தவன் என்ற முறையில் அது எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு நல்ல வழி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில், ஒவ்வொரு பாதியையும் ஒரு முழுப் படமாக நிரப்பி நொடிக்கு 50 முழுப் படமாக மாற்றும் வடிகட்டி உண்டு. அப்படி மாற்றி, எச்.264 ஆகச் சுருக்கி, பார்ப்பதற்கென்று ஒரு நகல் செய்து வைத்துவிட்டால், அதன் பிறகு எந்த டிவியிலும் அது நேராக ஓடும். சர்வர் பாலத்தைப் போல நின்றால் போதும், சுமக்க வேண்டியதில்லை. மூல ஃபைலை அழிக்கவே கூடாது. நாளைக்கு இதைவிட நல்ல முறை வரும்போது அது வேண்டும். கட்டளை எழுதத் தயக்கம் உள்ளவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் பொத்தான்களை அமுக்கியே இதைச் செய்யலாம். வேலையை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். ஸ்டுடியோ காலத்துப் பழக்கம் எனக்கு இங்கே கைகொடுத்தது. இந்த இரவு வேலை சீக்கிரம் முடியத்தான் முதலில் பிராசசரை மாற்ற நினைத்தேன்.

ஜென்8-இன் அருமை என்னவென்றால், அதன் பிராசசரைக் கழற்றி மாற்றலாம். இதற்கு முன் வந்த என்36எல், என்40எல், என்54எல் மைக்ரோசர்வர்களில் அது போர்டோடு ஈயத்தில் ஒட்டியே வரும். வைத்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஜென்8 போர்டில் இருப்பது எல்ஜிஏ1155 சாக்கெட். இதற்குப் பொருந்தும் ஜியான் பிராசசர்கள் பழைய சாமான் சந்தையில் கிடைக்கின்றன. எதை வாங்கலாம் என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று பெயர் சொல்வார்கள். ஜியான் இ3-1220எல் வி2: இரண்டு கோர்தான், ஆனால் 17 வாட், குளிர்ச்சியான ஆள். இ3-1265எல் வி2: நான்கு கோர், எட்டுத் திரெட், 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 45 வாட். இ3-1230 வி2: இன்னும் வேகம், ஆனால் 69 வாட். பெட்டியோடு வந்த பிராசசர் 35 வாட். அதன் மேல் இருக்கும் அலுமினிய ஹீட்சிங்க்கில் தனி விசிறி கிடையாது, பின்னாலிருக்கும் ஒற்றை விசிறிதான் காற்று இழுக்க வேண்டும். மே மாத மதுரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், 69 வாட்டை அதற்குள் அடைப்பது நியாயமில்லை. நான் 1265எல்லைத் தேர்ந்தெடுத்தேன்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையிலிருந்து அது வந்து சேர்ந்தது. மாற்றும் வேலைக்கு அக்கா மகன் துணை. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே போகும் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கழற்றினால், போர்டு தன் தட்டோடு பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஹீட்சிங்க்கை நான்கு நட்சத்திரத் தலை திருகுகள் பிடித்திருக்கின்றன. எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். தூக்கினால் அடியில் இருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. பழைய பெட்டி எதையும் நீங்கள் மேம்படுத்தவே வேண்டாம், இந்தப் பசையைத் துடைத்துப் புதிதாகப் போட்டு, விசிறித் தூசியை ஊதினாலே அது பாதி தெளிந்துவிடும். இரும்புக் கொக்கியை விட்டதும் பழைய பிராசசர் கையோடு வந்தது. கீழே சாக்கெட்டில் மயிரிழை போல 1,155 ஊசிகள்.

“மாமா, அந்தப் பக்கம் விரலே போகக் கூடாது. ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு போச்சு.”

“நீ வை மாப்ளே. எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியலை.”

பிராசசரின் ஓரத்து இரண்டு வெட்டுகளையும் சாக்கெட்டின் மேடுகளோடு பொருத்தி, அழுத்தாமல், அதன் எடையிலேயே உட்காரும்படி அவன் விட்டான். மேலே பட்டாணி அளவு பசை. பெட்டியை மூடி மின்சாரம் கொடுத்ததும் எந்தப் பேச்சும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. இந்தச் சர்வரில் ஐஎல்ஓ என்று ஒரு கண்காணிப்புப் பகுதி உண்டு. வேறு கணினியில் உட்கார்ந்துகொண்டே இதன் வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் பார்க்கலாம். முதல் சில நாள் இரவு வேலையை ஓடவிட்டு அந்தப் பக்கத்தைக் கவனித்து வருவது அவசியம்.

ராம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பெட்டி கேட்பது ஈசிசி வகை டிடிஆர்3, அதிலும் ‘அன்பஃபர்டு’ வகை. பெரிய சர்வர்களிலிருந்து கழற்றிய ‘ரெஜிஸ்டர்டு’ ஈசிசி ராம் மலிவாகக் கிடைக்கும், பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இரண்டு இடத்திலும் 8 ஜிபி போட்டு 16 வரை போகலாம், அதற்கு மேல் ஏற்காது. வீடியோவுக்கு 8 ஜிபியே போதும்.

எஸ்எஸ்டி போட்டால் படம் ஓடுவது மாறாது. படத்தைத் தேடுவது மாறும். ஆயிரக்கணக்கான வீடியோக்களின் அட்டைப்படங்களும் பட்டியலும் சுற்றும் டிஸ்க்கில் இருந்தால் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான்கு அறைகளையும் பெரிய டிஸ்க்குகளுக்கு விட்டுவிட்டு, சிடி டிரைவுக்கென்று இருக்கும் ஐந்தாவது சாட்டா இணைப்பில் ஒரு சின்ன எஸ்எஸ்டியைச் செருகலாம். அங்கே வரும் மின் இணைப்பு பழைய ப்ளாப்பி டிரைவின் நான்கு ஊசி வகை. அதைச் சாட்டா மின் இணைப்பாக மாற்றும் சின்ன ஒயர் ஒன்று வேண்டும். அந்த எஸ்எஸ்டியிலிருந்து நேராக இயக்க அமைப்பைத் தொடங்குவதில் இந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. போர்டிலேயே இருக்கும் மைக்ரோ எஸ்டி அட்டையிலோ, உள் யுஎஸ்பியிலோ தொடக்கப் பகுதியை மட்டும் வைத்து எஸ்எஸ்டிக்குக் கை காட்டிவிடுவார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு கேசட் மாற்றும் வேலை பழைய நேரத்தின் சின்னப் பங்கில் முடிந்தது. 1080பி வீடியோக்கள் இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் மாறி ஓடின. ஆனால் போனில் எடுத்த அந்த 4கே கல்யாணம்? அது அப்போதும் திக்கியது. திக்கத்தான் செய்யும். 1265எல்லின் மதிப்பெண் நான் மேலே சொன்ன 17,000-இல் பாதியைக்கூட எட்டாது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீடியோ மாற்றுவதற்கென்றே தனிச் சுற்று ஒன்றை 2011 முதல் இன்டெல் தன் பிராசசர்களில் வைத்து வருகிறது. குவிக் சிங்க் என்று பெயர். 1265எல் வி2-க்குள்ளும் கிராபிக்ஸ் பகுதி உண்டு. ஆனால் ஜென்8 போர்டின் சி204 சிப்செட் அதை வெளியே கொண்டுவருவதில்லை. போர்டில் இருக்கும் மேட்ராக்ஸ் கிராபிக்ஸ், திரையில் எழுத்துக் காட்ட மட்டுமே. கொண்டுவந்திருந்தாலும் 4கே கல்யாணத்துக்கு உதவியிராது. 10 பிட் எச்.265-ஐ முழுதாகக் கையாளும் குவிக் சிங்க் ஏழாம் தலைமுறைப் பிராசசர்களில்தான் வந்தது. இது மூன்றாம் தலைமுறை.

ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாம். பெட்டியில் அதற்கு ஒரே ஒரு இடம், அதுவும் குட்டையான கார்டுக்கு. 30 வாட் மட்டும் இழுக்கும் என்விடியா குவாட்ரோ பி400 இதற்குப் பொருந்துகிறது. 10 பிட் எச்.265-ஐ விரிக்கவும் எச்.264 ஆகச் சுருக்கவும் அதற்குத் தெரியும். ‘ஜிடி 1030 போடுங்கள், மலிவு’ என்று கடையில் சொன்னால் வாங்காதீர்கள். அதில் வீடியோவைச் சுருக்கும் சுற்றே கிடையாது, விரிக்க மட்டும்தான் தெரியும். பிளெக்ஸ் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கார்டை வைத்து மாற்றும் வசதிக்கு அவர்கள் கட்டணச் சந்தா கேட்கிறார்கள். ஜெல்லிஃபினில் அது இலவசம்.

நான் கார்டு வாங்கவில்லை. 2023 தொடக்கத்தில் இன்டெல் என்100 என்ற பிராசசர் வந்தது. 6 வாட் வகை, நான்கு கோர். உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுப் பெரிதான மினி கணினிகளில் வருகிறது. அதன் குவிக் சிங்க் 10 பிட் எச்.265-ஐ அலட்டிக்கொள்ளாமல் மாற்றும், ஏவி1-ஐயும் விரிக்கும். ஜெல்லிஃபினை அதில் நிறுவி, வீடியோக்களைப் பழைய மைக்ரோசர்வரிலேயே வைத்து, இரண்டையும் கிகாபிட் கேபிளால் இணைத்தோம். பழைய பெட்டி பெட்டகம், புதிய பெட்டி பந்தி பரிமாறுபவர். அம்மா அறையில் கல்யாணம் தங்கு தடையில்லாமல் ஓடியது. சிங்கப்பூரில் இருக்கும் மகள் போனில் பார்க்கும்போது, வீட்டிலிருந்து வெளியே போகும் வேகத்துக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கி அனுப்புவதும் இப்போது அதன் பொறுப்பு.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான்கு டிஸ்க்கோடு ஓடும் பழைய பெட்டி சராசரி 40 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 58 யூனிட் ஆகும். 10 வாட் மினி கணினிக்கு ஏறக்குறைய 14 யூனிட்தான் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்றாலும், மேல் கட்டண அடுக்குக்குப் போகும்போது இந்த 58 உறைக்கும். யாரும் பார்க்காத இரவு நேரத்தில் பழைய பெட்டியை அணைத்து வைக்கலாம். வீட்டு இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வைப்பதும் முக்கியம்; மின்சாரம் போய் வரும் அந்தக் கண நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் நின்றால் ஃபைல்கள் பாழாகும்.

என்னிடம் இப்போது பலர் கேட்கிறார்கள், பழைய பெட்டிக்குச் செலவு செய்யலாமா என்று. என் தீர்ப்பு இது. பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால் பசை மாற்றுங்கள், கேபிள் இழுங்கள், ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். ஜியான் மலிவாகக் கிடைத்தால் போடுங்கள், இரவு வேலைக்கு உதவும். 4கே மாற்றத்துக்காக மட்டும் அதில் காசு கொட்ட வேண்டாம். அந்தப் பணத்துக்கு மினி கணினி நல்லது. புதிதாகத் தொடங்குபவர் பழைய சர்வரைத் தேடிப் போகவே வேண்டாம்.

இன்னும் ஒன்று, இது வேண்டுகோள். நான்கு டிஸ்க்கை ரெய்டு முறையில் இணைத்து வைத்தால் ஒரு டிஸ்க் செத்தாலும் ஃபைல் பிழைக்கும். ஆனால் தவறி அழித்தாலோ, இடி விழுந்தாலோ, பெட்டியே களவு போனாலோ எல்லாம் சேர்ந்து போகும். ஆகவே பெட்டியைத் திறக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை வேறொரு வீட்டில் வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டில் இருக்கிறது. பீரோவில் இன்னும் கேசட்டாகவே வைத்திருப்பவர்கள் அதைவிட அவசரப்பட வேண்டும். விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடும் பிளேயரும் ஃபயர்வயர் உள்ள கணினியும் வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர் உங்கள் ஊரில் இன்னும் ஒருவராவது இருப்பார். இந்த மாதமே அவரைப் போய்ப் பாருங்கள்.